ஒரு நிமிஷம்தான் தேடணும்

அம்மாவிடம் ஒரு வாக்கியம் இருந்தது. நானும் அண்ணனும் சேர்ந்து எங்கே கிளம்பினாலும் கதவருகில் வந்து நின்று அதைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவாள். பள்ளிக்கூடம், பாசார், கோயில், எங்கே என்றாலும் அதே வாக்கியம். என்னிடம் சொல்ல மாட்டாள். அண்ணனிடம்தான் சொல்வாள்.

"தங்கச்சியக் கூட்டிட்டு வந்தா வா. இல்லன்னா வீட்டுப் பக்கம் வராத."

கோபமாகச் சொன்னதே இல்லை. பாதிச் சிரிப்போடு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே சொல்வாள். அண்ணன் குனிந்து செருப்பை மாட்டியபடி "சரி லா, சரி லா" என்பான். பினாங்கில், ஜெலுத்தோங்கில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் எல்லா வீட்டிலும் பெண்பிள்ளைகளை இப்படித்தான் வெளியே அனுப்பினார்கள். ஒரு ஆண்பிள்ளையின் கையில் ஒப்படைக்க வேண்டும், அவன் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். எனக்கு அப்போதே எரிச்சல் வரும். நான் என்ன மீன் பையா, ஒருத்தன் தூக்கிப் போய்த் தூக்கி வருவதற்கு? இதைச் சொன்னால் "வாய்க்கொழுப்பப் பாரு" என்று அம்மா தலையில் குட்டுவாள்.

அப்பா நாங்கள் சிறுபிள்ளைகளாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்து எங்கள் இருவரையும் வளர்த்தாள். அண்ணன் எனக்கு நாலு வயது மூத்தவன். அந்த நாலு வயதை வைத்துக்கொண்டு அவன் என்னை ஆட்டிவைத்ததும் உண்டு, சுமந்து நடந்ததும் உண்டு.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு தைப்பூசத்தன்று இரண்டு பேரும் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனோம். வழி நெடுக தண்ணீர்ப் பந்தல்கள், ஒவ்வொன்றிலும் காதைக் கிழிக்கிற ஒலிபெருக்கி. ஒரு பந்தலில் ரோஸ் சர்பத் கொடுத்தார்கள். வாங்குவதற்காக அண்ணன் கையை விட்டேன். வாங்கிக்கொண்டு திரும்பினால் அவனைக் காணோம். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எல்லாம் மஞ்சள் துணி, பால்குடம், முகங்கள். எனக்கு அழுகை வரவில்லை. பஸ் நிற்கும் இடம் தெரியும், எந்த பஸ் என்றும் தெரியும். சர்பத்தைக் குடித்து முடித்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"அண்ணன் எங்க?" என்றாள் அம்மா.

"வருவான்," என்றேன்.

அவன் வரவில்லை. மத்தியானம் போய், வெயில் சாய்ந்தது. கடைசியில் எங்கள் மாமா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடப் போனார். அண்ணன் அதே சர்பத் பந்தலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தானாம். என் பேரைக் கத்திக் கத்திக் குரல் போய்விட்டிருந்தது. தங்கச்சி வீட்டில்தான் இருக்கிறாள் என்று மாமா சொன்னதையும் அவன் நம்பவில்லை. வீட்டுக்குக் கொண்டு போவதற்காகப் பொய் சொல்கிறார் என்று நினைத்தான். "என்ன கலர் பாவாட?" என்று கேட்டிருக்கிறான். பச்சை என்று மாமா சொன்ன பிறகுதான் வண்டியில் ஏறினான்.

அன்றைக்கு அவன் சாப்பிடும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "ஏன்ணே, வீட்டுக்கு வந்து பாத்திருக்கலாம்ல?"

"நீ இல்லாம எப்படி வர்றது?" என்றான், வாய் நிறையச் சோற்றோடு.

இது எங்கள் குடும்பத்தில் பல வருடம் சிரிப்புக் கதையாக ஓடியது. யார் வீட்டுக்கு வந்தாலும் அம்மா இதை எடுத்துவிடுவாள். என் மகன் அங்கயே நின்னான் பாரு, மரம் மாதிரி, என்று பெருமையாகச் சொல்வாள். அண்ணன் வெட்கப்பட்டு எழுந்து போவான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அண்ணன் பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்தான். அங்கே அவனோடு வேலை செய்த ஒரு சீன நண்பர் முக்குளிக்கும் கிளப் ஒன்றில் இருந்தார். சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஆட்கள். முதலில் நீச்சல் குளத்தில் பழக வேண்டும், அப்புறம்தான் கடல். அண்ணனுக்கு அது பிடித்துப்போயிற்று. பினாங்கைச் சுற்றிக் கலங்கல் தண்ணீர், ஒன்றும் தெரியாது. அதனால் கெடா பக்கம் பாயார் தீவு வரைக்கும் போவார்கள். திரும்பி வந்து அவன் சொல்லும் கதைகளைக் கேட்டு எனக்கு வயிறு எரியும். அவனுக்கு மட்டும் என்ன, நானும் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அப்போது நானும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இருபது தாண்டியிருந்தது.

"பொம்பளப் புள்ளைக்குக் கடலுக்கு அடியில என்னா வேல?" என்றாள் அம்மா.

"நான் இருக்கேன் லா," என்றான் அண்ணன்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் விட்டாள். சொந்தக்காரர்கள் யாருக்கும் தெரியக் கூடாது, முழுக்கைச் சட்டையும் நீளக் கால்சட்டையும் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள். இரண்டுக்கும் தலையாட்டினேன்.

முக்குளிப்பில் தனியாக இறங்கவே கூடாது என்பது முதல் விதி. எப்போதும் இரண்டு பேர் ஜோடியாகத்தான் இறங்க வேண்டும். ஒருவர் காற்றை ஒருவர் பார்க்க வேண்டும், ஒருவர் வாரை ஒருவர் சரி செய்ய வேண்டும். என் ஜோடி அண்ணன். வீட்டில் எதையும் கண்ட இடத்தில் போடுகிறவன், தண்ணீர் விஷயத்தில் மட்டும் சட்டம் பேசினான். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தான்.

"தண்ணிக்குள்ள நீயும் நானும் பிரிஞ்சிட்டோம்னா என்னா செய்வ?"

"கத்துவேன்."

"வாயில குழாய் இருக்கு. கத்துனா குமிழிதான் வரும்."

இரண்டு தம்ளரை எடுத்து மேசையில் வைத்தான். ஒன்றை மைலோ டின்னுக்குப் பின்னால் தள்ளினான். "இது நீ, இது நான். ஒருத்தர ஒருத்தர் காணோம். இப்ப கேட்டுக்க. நின்ன இடத்துலயே ஒரு சுத்து சுத்திப் பாரு. மேல பாரு, கீழ பாரு, காத்துக் குமிழி வருதான்னு பாரு. ஒரு நிமிஷம்தான் தேடணும். அதுக்கு மேல ஒரு செகண்ட் தேடக் கூடாது. மெதுவா மேல போயிரு. நானும் அதையேதான் செய்வேன். மேல சந்திப்போம்."

"நீ மேல இல்லன்னா?"

"போட்டுல சொல்லு. மத்தவங்க ஜோடியா வந்து தேடுவாங்க. தனியாத் தேடுறவன் ரெண்டாவது ஆளாத் தொலஞ்சு போவான். அதான் ரூல்."

நான் விடுவேனா. "தைப்பூசத்துல நீ இந்த ரூலச் செய்யலயே."

"அது தரை லா," என்றான். "அங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கலாம். இங்க காத்து தீந்துரும்."

அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு இதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது. கரண்டியோடு வெளியே வந்தாள். "என்னாடா சொல்ற? அவள விட்டுட்டு நீ மட்டும் மேல வருவியா?"

"அம்மா, அவளும் வந்துருவா மா. ரெண்டு பேரும் வருவோம்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கூட்டிட்டு வந்தா வா. இல்லன்னா வீட்டுப் பக்கம் வராத."

மூன்று பேரும் சிரித்தோம். அப்பளம் கருகிப்போயிற்று.

அதன் பிறகு ஏழெட்டு முறை சேர்ந்து இறங்கியிருப்போம். ஒவ்வொரு முறையும் படகின் விளிம்பில் உட்கார வைத்து, அந்த விதியை வாய்விட்டுச் சொல்லச் சொல்வான். நான் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல இழுத்து இழுத்துச் சொல்வேன். சீன நண்பருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த இழுப்பைக் கேட்டே சிரிப்பார்.

கடைசியாகப் போன அன்றும் அப்படித்தான். விடிகாலையில் அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். கதவருகில் நின்று வாக்கியத்தைச் சொன்னாள். அண்ணன் "சரி லா" என்றான். ஃபெரிப் படகில் பட்டர்வொர்த் போய், நண்பர் ஓட்டிய கெரெத்தாவில் கோல கெடா வரை போய், அங்கிருந்து மீன்பிடிப் படகு. படகுக்காரர் வயதான மலாய்க்காரர், பாச்சிக் என்று எல்லோரும் கூப்பிடுவோம். முக்குளிக்க நாங்கள் நாலு பேர். நண்பரும் அவர் ஜோடியும், நானும் அண்ணனும்.

தண்ணீர் அன்று நன்றாக இல்லை. முதல் நாள் மழை பெய்திருந்தது. இறங்கினால் கையை நீட்டிய தூரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரியும், அவ்வளவுதான். பாறைச் சரிவு ஒன்றை ஒட்டி அண்ணன் முன்னால் போனான், நான் பின்னால். நாலு உதைக்கு ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான். நான் விரலை வளைத்துச் சரி என்று காட்டுவேன். ஒரு இடத்தில் என் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தது. நின்று, தலையை நிமிர்த்தி, மூக்கால் ஊதி வெளியேற்றினேன். பழகிய வேலை. கண்ணைத் திறந்தபோது பாறை இருந்தது, அண்ணன் இல்லை. நீரோட்டம் என்னைக் கொஞ்சம் தள்ளியிருக்க வேண்டும்.

சொல்லிக் கொடுத்ததைச் செய்தேன். அந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். குமிழி எதுவும் தெரியவில்லை. பச்சைக் கலங்கல்தான் எல்லாப் பக்கமும். மனதுக்குள் அறுபது வரை எண்ணினேன். எண்ணி முடித்ததும் ஏற ஆரம்பித்தேன். நம்முடைய குமிழியை விட நாம் வேகமாக ஏறக் கூடாது. அதையும் அவன்தான் சொல்லிக் கொடுத்தான். மெதுவாக ஏறினேன். மேலே போனால் அண்ணன் தலையை நீட்டிக்கொண்டு, எங்கடி போன என்று திட்டப்போகிறான் என்றுதான் நினைத்தேன். என்ன பதில் சொல்வது என்று கூட யோசித்து வைத்திருந்தேன்.

மேலே யாரும் இல்லை. வெயில் கண்ணைக் குத்தியது. கையை உயர்த்திக் காட்டினேன், பாச்சிக் படகைக் கொண்டுவந்தார். அண்ணன் எங்கே என்று மலாயில் கேட்டார்.

"வருவான்," என்றேன்.

அவர் கண்ணைச் சுருக்கி அலையைப் பார்த்தார். அலை அடித்துக்கொண்டிருந்ததால் குமிழி எங்கே வருகிறது என்று தெரியவில்லை. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே இருந்தேன். கொஞ்ச நேரம் போனது. பாச்சிக் ஒரு பெரிய ஸ்பேனரை எடுத்து இரும்பு ஏணியில் அடிக்க ஆரம்பித்தார். எல்லோரும் மேலே வாருங்கள் என்பதற்கு எங்கள் கிளப்பில் அதுதான் அடையாளம். தண்ணீருக்குள் அந்தச் சத்தம் வெகுதூரம் கேட்கும். டாங், டாங் என்று அது என் கை வழியாக உடம்புக்குள் இறங்கியது.

சத்தம் கேட்டு நண்பரும் அவர் ஜோடியும் மேலே வந்தார்கள். அண்ணன் வரவில்லை.

நான் மறுபடி இறங்கப் போனேன். நண்பர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். நீ தனியாக இறங்கக் கூடாது, நாங்கள் இரண்டு பேரும் போகிறோம், நீ இங்கேயே இரு என்றார். பாச்சிக் என்னை மேலே இழுத்துப் போட்டார். "சபார், நாக்," என்றார். பொறு மகளே என்று அர்த்தம். அதைச் சொல்லிக்கொண்டே ஸ்பேனரால் அடித்தார். அவர் உள்ளங்கைத் தோல் கிழிந்து ஏணியில் ரத்தம் ஒட்டியிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

அண்ணனைக் கொண்டுவந்தார்கள். வாயில் குழாய் இல்லை. படகின் பலகையில் போட்டு நெஞ்சை அழுத்தினார்கள், வாயில் ஊதினார்கள். கோல கெடா வரைக்கும் மாறி மாறிச் செய்துகொண்டே வந்தார்கள். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் குளிர்ந்து கிடந்தது. புளிச்சோற்றுப் பொட்டலம் பிரிக்காமலே பலகையில் உருண்டுகொண்டிருந்தது.

என்ன நடந்தது என்பதை நண்பர் மருத்துவமனை வாசலில் வைத்து எனக்குச் சொன்னார். நாங்கள் பிரிந்த இடத்திலிருந்து எதிர்ப்பக்கமாக, வெகுதூரம் தள்ளி, ஒரு பாறை இடுக்குக்குள் அண்ணன் இருந்தான். யாரோ மீனவர்கள் அறுத்து விட்ட பழைய வலை அந்த இடுக்கில் கிடந்திருக்கிறது. அது அவன் முதுகில் இருந்த சிலிண்டரின் தலைப்பகுதியில் சிக்கிக்கொண்டது. முதுகுப் பக்கம் தன் கை எட்டாது. பக்கத்தில் ஒரு ஜோடி இருந்திருந்தால் அரை நிமிடத்தில் எடுத்துவிட்டிருக்கலாம்.

"ஏணி அடிச்சது அவனுக்குக் கேட்டிருக்குமா?" என்று மலாயில் கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். கண்டிப்பாகக் கேட்டிருக்கும், எங்களுக்கே கேட்டதே என்றார். அவ்வளவு தூரம் போயிருக்கிறான் என்றால் ஒவ்வொரு இடுக்காகக் குனிந்து பார்த்துக்கொண்டே போயிருக்கிறான் என்றும் சொன்னார்.

எனக்கு வந்தது கோபம். அழுகை எல்லாம் பிறகுதான். நான் மேலே வெயிலில் மிதந்துகொண்டிருந்தேன். அவன் கீழே கல் கல்லாக என்னைத் தேடிக்கொண்டிருந்தான். தரை வேறு, தண்ணீர் வேறு என்று எனக்குப் பாடம் எடுத்தவன், தம்ளர் வைத்துக் காட்டியவன், போய் மறுபடியும் சர்பத் பந்தலில் நின்றுவிட்டான். ஏணிச் சத்தம் கேட்டபோது என்ன நினைத்திருப்பான் என்று எனக்குத் தெரியும். இவர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள், தங்கச்சி மேலே வந்துவிட்டாள் என்று யார் சொன்னது, பச்சைப் பாவாடையா என்று யாரைக் கேட்பது. அவள் இல்லாமல் எப்படிப் போவது. அம்மாவிடம் என்ன சொல்வது.

அந்த மருத்துவமனை வாசலிலேயே ஒரு முடிவு எடுத்தேன். இது அம்மாவுக்குத் தெரியக் கூடாது. அவன் காற்று தீரும்வரை ஏன் கீழே இருந்தான் என்பதை அவள் ஒருநாளும் யோசிக்கக் கூடாது. யோசித்தால் அவளுடைய வாக்கியத்தில் வந்து நிற்பாள். அப்புறம் அவளையும் என்னால் பிழைக்கவைக்க முடியாது. போலீஸ்காரர் கேட்டபோது வலை என்றேன். மாமாவிடம் வலை என்றேன். வீட்டுக்கு வந்து, படிக்கட்டின் அடியிலேயே உட்கார்ந்திருந்த அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னதும் அதுதான். "வலையில மாட்டிக்கிட்டான்மா. எறங்கின ஒடனே மாட்டிக்கிட்டான்." வலை பொய் இல்லை. உடனே என்பதுதான் பொய். அந்தப் பொய்யை நான் இன்றைக்கும் சொல்வேன்.

அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். "நீ வந்துட்டியா," என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

மற்றவர்கள் கேட்டார்கள். பத்து லஞ்சாங் சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா ஒருவர் ஆரம்பித்தார். "கூடப் போன நீ தேடலயா? அண்ணன உட்டுட்டு நீ மட்டும் எப்படிம்மா மேல வந்த?"

நான் விதியைச் சொன்னேன். ஒரு நிமிடம், பிறகு மேலே, இரண்டு பேரும் அதையே செய்ய வேண்டும், அப்போதுதான் இரண்டு பேரும் பிழைக்க முடியும் என்றேன். சொல்லச் சொல்ல அவர்கள் முகம் மாறவே இல்லை. தமிழில் அதை எப்படிச் சொன்னாலும் விட்டுவிட்டு ஓடி வந்தவள் பேசுவது போலத்தான் இருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"நான் செஞ்சதுதான் சரி," என்று கத்தினேன். "அவந்தான் எனக்குச் சொல்லிக்குடுத்தான். அவன் சொல்லிக்குடுத்ததாலதான் நான் இங்க உக்காந்திருக்கேன்."

அம்மா சுவரோரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் செய்ததை அன்றும் சரி என்றேன், இன்றும் சரி என்கிறேன். சரியாகச் செய்துவிட்டு ஒருத்தி இவ்வளவு அழ முடியும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து வீடு வெறிச்சோடிப் போன பிறகு, ஒரு மத்தியானம் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஒரு நிமிஷம்னா எவ்வளவு நேரம்மா?"

சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன். செகண்ட் முள் ஒரு சுற்று வந்தால் ஒரு நிமிடம் என்றேன். அவள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். முள் பன்னிரண்டிலிருந்து கிளம்பி, இறங்கி, ஏறி, மறுபடி பன்னிரண்டுக்கு வந்தது. அவள் கண் கொட்டவில்லை.

"இவ்வளவுதானா," என்றாள். அப்புறம், "அவன் ஏன் மேல வரல?"

"வலைம்மா."

"எறங்கின ஒடனேயா?"

"ஆமாம்மா. ஒடனே."

அவள் தலையாட்டினாள். அடுப்படிக்குப் போனாள். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன்.

ஆனால் அன்றிலிருந்து ஒன்று நின்றுபோனது. யார் வீட்டை விட்டுக் கிளம்பினாலும் அம்மா கதவுப் பக்கம் வருவதில்லை. நான் வேலைக்குப் போகும்போது "போய்ட்டு வர்றேன்மா" என்றால், உள்ளேயிருந்து "ம்" என்பாள். எனக்குக் கல்யாணமாகி மாப்பிள்ளையோடு புறப்பட்டபோது கூட அறைக்குள்ளேதான் இருந்தாள். சொந்தக்காரர்கள் குறை சொன்னார்கள். துக்கத்தில் இருக்கிறாள் என்று நான் சமாளித்தேன். கதவருகே வந்தால் அந்த வாக்கியம் ஞாபகத்துக்கு வருமே, வராமல் இருப்பதே நல்லது என்றும் எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது.

நான் அதற்குப் பிறகு கடலில் இறங்கவில்லை. பயமா என்று கேட்பார்கள். பயம் எல்லாம் இல்லை. ஜோடி இல்லாமல் இறங்கக் கூடாது. என் ஜோடி போய்விட்டான்.

வருடங்கள் போயின. எனக்கு ஒரு மகன், அவனுக்கு மூன்று வயது இளையவளாக ஒரு மகள். அம்மா எங்களோடு வந்து இருந்தாள். பிள்ளைகளோடு பேசுவாள், சிரிப்பாள், சீரியல் பார்ப்பாள். அண்ணனைப் பற்றிப் பேச்சு வந்தால் அவன் சின்ன வயதில் செய்த சேட்டைகளைச் சொல்வாள். அந்தத் தைப்பூசக் கதையை மட்டும் எடுக்கவே மாட்டாள். அதை நான் கவனித்திருந்தேன், காரணத்தைத்தான் யோசிக்காமல் இருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தைப்பூசம். மகனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். கீழ்வீட்டுக் குடும்பத்தோடு தண்ணீர்மலைக்குப் போகிறோம் என்று அவனும் தங்கையும் கிளம்பினார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். பிள்ளைகள் "போய்ட்டு வர்றோம்" என்றார்கள். அப்போது அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து கதவருகில் போய் நின்றாள். அத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த வாக்கியத்தைச் சொல்லப் போகிறாளோ என்று பயந்தேன்.

"ஐயா, இங்க வா," என்று என் மகனைக் கூப்பிட்டாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டே நிமிர்ந்தான். "அங்க கூட்டமா இருக்கும். தங்கச்சியக் காணோம்னா, நின்ன எடத்துலயே ஒரு சுத்து சுத்திப் பாரு. ஒரு நிமிஷம்தான் தேடணும். அதுக்கு மேல தேடாத. வீட்டுக்கு வந்துரு."

அப்பளம் பொரித்துக்கொண்டே அன்று கேட்டதை, அப்படியே மனதில் வைத்திருந்திருக்கிறாள்.

என் மகன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அவள விட்டுட்டு எப்படிப் பாட்டி வர்றது?"

அம்மா அவன் தலையில் கை வைத்தாள். "அவ வந்துருவாடா. உங்கம்மா வந்துட்டாளே. உன் மாமாதான், நான் சொன்ன சொல்லுக்காக அங்கயே நின்னுட்டான். நீ நிக்காத. நீ வந்துரு, என்னா? யாரு சொல்லியிருந்தாலும் சரி, நீ வந்துரு."

அவன் ஒன்றும் புரியாமல் சரி என்றான். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து அம்மாவின் பக்கத்தில் நின்றேன். எத்தனை வருடமாக எனக்குப் பழகிப்போன பேச்சு. வாய் தானாகத் திறந்தது.

"அம்மா, அவன் வலையிலதானே..."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. படிக்கட்டில் பிள்ளைகளின் காலடிச் சத்தம் இறங்கிப்போவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போதும்மா," என்றாள். "இத்தன வருசமா எனக்காக அந்த வலையச் சொன்னது போதும்."